ஒரு மணி நேரத்தின் விலை: யெல்லோஸ்டோன் பயணக் கணக்கு

நான்கு பேர் கொண்ட குடும்பம். ஐந்து பகல், நான்கு இரவு. விமானக் கட்டணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றிவர ஏறத்தாழ 2,975 டாலர் ஆகும். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,67,750 ரூபாய். இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதை வரிவரியாகக் கீழே பிரித்துக் காட்டுகிறேன். அதற்கு முன் இன்னொரு எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

தூக்கம், குளியல் போக நாளொன்றுக்கு 14 மணி நேரம் என்றால், ஐந்து நாளுக்கு 70 மணி நேரம் கையில் இருக்கிறது. 2,975ஐ 70ஆல் வகுத்தால் 42 டாலர் 50 சென்ட். ரூபாயில் 3,825. பூங்காவில் கண்விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அந்தக் குடும்பம் கொடுக்கிற விலை இதுதான். யெல்லோஸ்டோனுக்குத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் வாசல் கட்டணத்தையும் அறை வாடகையையும்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே அதிகமாக வீணாவது நேரம். எந்தச் செலவையும் இந்த 42.50 என்ற எண்ணோடு வைத்துப் பார்த்தால், எது லாபம், எது நட்டம் என்பது தெளிவாகிவிடும்.

பூங்காவின் அளவு

1872 மார்ச் 1 அன்று அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான இது, உலகின் முதல் தேசியப் பூங்கா. அதற்கு முந்தைய ஆண்டு இந்தப் பகுதியை ஆராயச் சென்ற ஹேடன் குழுவுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 40,000 டாலர் ஒதுக்கியது. பூங்கா உருவான பிறகோ பல ஆண்டுகள் ஒரு டாலரும் தரவில்லை. முதல் கண்காணிப்பாளர் நதானியேல் லாங்ஃபோர்டு சம்பளம் இல்லாமலே பதவி வகித்தார். 1878இல்தான் முதல் நிதியாக 10,000 டாலர் வந்தது.

பரப்பளவு சுமார் 9,000 சதுர கிலோமீட்டர். அதில் 96 விழுக்காடு வயோமிங் மாநிலத்திலும், 3 விழுக்காடு மொன்டானாவிலும், 1 விழுக்காடு ஐடஹோவிலும் இருக்கிறது. நுழைவாயில்கள் 5. வெந்நீர்க் குளங்கள், சேற்றுக் குழிகள், நீராவித் துளைகள், கெய்சர்கள் எல்லாம் சேர்த்து 10,000க்கு மேல். அவற்றில் கொதிநீரைப் பீய்ச்சியடிக்கும் கெய்சர்கள் மட்டும் 500க்கு மேல். உலகில் உள்ள கெய்சர்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒரு பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன.

2024இல் பதிவான வருகைகள் 47.4 லட்சம். 2021இல் 48.6 லட்சம். அந்த ஆண்டு ஜூலையில் மட்டும் 10,80,767. ஒரே மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டியது பூங்காவின் வரலாற்றில் அதுவே முதல் முறை. நாளொன்றுக்குச் சராசரியாக 34,863 வருகைகள் என்று ஆகிறது. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். தங்குமிடக் கணக்கில் இது திரும்ப வரும்.

வாசல் கணக்கு

தனியார் வாகனம் ஒன்றுக்கு 7 நாளுக்கான கட்டணம் 35 டாலர். மோட்டார் சைக்கிளுக்கு 30. நடந்தோ சைக்கிளிலோ வருபவருக்கு 20.

2026 ஜனவரி 1 முதல் இதில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் குடியிருக்காத, 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் யெல்லோஸ்டோன் உள்ளிட்ட 11 முக்கியப் பூங்காக்களில் வாகனக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அல்லது வெளிநாட்டவருக்கான ஆண்டு அட்டையை 250 டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அதே ஆண்டு அட்டை 80 டாலர்.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போகும் கணவன், மனைவி, 16 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு இப்படி:

- அட்டை இல்லாமல் யெல்லோஸ்டோன் மட்டும்: 35 + 100 + 100 = 235 டாலர்
- தெற்கே உள்ள கிராண்ட் டீட்டன் பூங்காவும் சேர்ந்தால்: 235 + 235 = 470 டாலர்
- ஆண்டு அட்டை: 250 டாலர்

235க்கு மேல் 15 டாலர் கூடக் கொடுத்தால் ஓராண்டுக்கு எல்லாப் பூங்காக்களும் திறக்கும். பாட்டியோ தாத்தாவோ உடன் வந்து பெரியவர்கள் மூவர் ஆகிவிட்டால், அட்டையில்லாத கட்டணம் ஒரே பூங்காவுக்கே 335 டாலர். எனவே கணக்கில் 250 என்றே எழுதியிருக்கிறேன். அட்டையோடு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள்.

தூரக் கணக்கு

பூங்காவுக்குள் எட்டு வடிவில் ஓடும் கிராண்ட் லூப் சாலைதான் முதுகெலும்பு. அதன் வெளிவட்டம் 142 மைல், அதாவது 229 கிலோமீட்டர். முக்கிய இடைவெளிகள் இவை:

- மேற்கு நுழைவாயில் முதல் மேடிசன் வரை: 23 கி.மீ.
- மேடிசன் முதல் ஓல்டு ஃபெய்த்ஃபுல் வரை: 26 கி.மீ.
- ஓல்டு ஃபெய்த்ஃபுல் முதல் வெஸ்ட் தம்ப் வரை: 27 கி.மீ.
- வெஸ்ட் தம்ப் முதல் ஏரிக் கிராமம் வரை: 34 கி.மீ.
- ஏரிக் கிராமம் முதல் கேன்யன் வரை: 26 கி.மீ.
- கேன்யன் முதல் டவர்-ரூஸ்வெல்ட் வரை: 31 கி.மீ.
- டவர்-ரூஸ்வெல்ட் முதல் மாமத் வரை: 29 கி.மீ.
- மாமத் முதல் நாரிஸ் வரை: 34 கி.மீ.
- நாரிஸ் முதல் மேடிசன் வரை: 23 கி.மீ.

உச்ச வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல், அதாவது 72 கி.மீ. காகிதத்தில் பார்த்தால் வெளிவட்டத்தை 3 மணி 11 நிமிடத்தில் சுற்றிவிடலாம். சாலையில் அது நடக்காது. காட்டெருமைக் கூட்டம் நிதானமாகச் சாலையைக் கடக்கும். முன்னால் போகிறவர் கரடியைக் கண்டு வண்டியை நிறுத்துவார். சராசரி வேகம் 45 கி.மீ. என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அப்படியானால் வெறும் சுற்றுக்கே 5 மணி 5 நிமிடம்.

ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மேற்கு வாசலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் ஓர் இரவு தங்கி, காலை 7 மணிக்குக் கிளம்பி, வெளிவட்டத்தை முடித்து, இரவு 7 மணிக்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம்.

- கையில் உள்ள நேரம்: 12 மணி 0 நிமிடம்
- ஓட்டம், 23 + 229 + 23 = 275 கி.மீ.: 6 மணி 7 நிமிடம்
- 10 இடங்களில் பார்க்கிங் தேட, தலா 10 நிமிடம்: 1 மணி 40 நிமிடம்
- சாப்பாடு, கழிப்பறை: 1 மணி
- ஓல்டு ஃபெய்த்ஃபுல் கெய்சருக்கான காத்திருப்பும் காட்சியும்: 1 மணி 30 நிமிடம்
- மீதி: 1 மணி 43 நிமிடம்

மீதி ஒன்பது நிறுத்தங்களுக்கும் சேர்த்து 1 மணி 43 நிமிடம். ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். வாசல் 235, ஒரு நாள் கார் 90, பெட்ரோல் 30, உணவு 145, வெளியே ஓர் அறை 250 என்று மொத்தம் 750 டாலர். கெய்சரையும் பாதையையும் அனுபவித்த நேரம் 3 மணி 13 நிமிடம். ஆக, உண்மையான ஒரு மணி நேரத்துக்கு 233 டாலர்.

ஐந்து நாள் பயணத்தில் இதே கணக்கைப் போடுவோம். 70 மணியில் ஓட்டத்துக்கு 11.3 (பூங்காவுக்கு வெளியே வேகம் கூடும்), உணவுக்கும் ஓய்வுக்கும் 15, பார்க்கிங்குக்கு 5 போனால், மீதி 38.7 மணி. அங்கே உண்மையான ஒரு மணி நேரத்தின் விலை 77 டாலர்தான். ஒரு நாள் பயணம் மொத்தச் செலவில் மலிவு. கிடைக்கிற பலனைப் பார்த்தால் மூன்று மடங்கு விலை.

தங்குமிடக் கணக்கு

பூங்காவுக்குள் விடுதி அறைகளும் கேபின்களும் 2,000க்கு மேல். கூடார முகாம் இடங்களும் 2,000க்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் என்றாலும் சுமார் 12,000 பேர்தான் உள்ளே இரவு தங்க முடியும். ஜூலையின் தினசரி வருகையோ 34,863. ஒருவரே பல நாள் வந்து போவதால் வருகை எண்ணும் ஆள் எண்ணும் ஒன்றல்ல. இருந்தாலும் நெருக்கடியின் அளவை இது காட்டும்.

உள்ளே இருக்கும் விடுதிகளுக்கு முன்பதிவு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி, அடுத்த ஆண்டின் அதே மாதம் முழுவதற்கும் திறக்கிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் போக வேண்டுமென்றால் இந்த ஆண்டு ஜூலை 5 அன்று கணினி முன் உட்கார வேண்டும். 1904இல் மரக்கட்டைகளால் எழுப்பப்பட்ட ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன் விடுதியில் 327 அறைகள். அதன் பழைய பகுதியில் பொதுக் குளியலறையோடு கூடிய அறைகள் வாடகையில் குறைவு. ஜன்னலுக்கு வெளியே சில நிமிட நடையில் கெய்சர்.

வெளியே தங்கினால் மிச்சமா? வெஸ்ட் யெல்லோஸ்டோனில் அறை 80 டாலர் குறைவாகக் கிடைத்ததாகவே வைப்போம். அங்கிருந்து ஓல்டு ஃபெய்த்ஃபுல் 49 கி.மீ. போக வர 98. நம் சராசரி வேகத்தில் 2 மணி 11 நிமிடம். 42.50ஆல் பெருக்கினால் சுமார் 93 டாலர். அதற்கு மேல் 10 லிட்டர் பெட்ரோல். 80 டாலரை மிச்சம் பிடிக்க 93 டாலர் பெறுமானமுள்ள நேரத்தைக் கொடுக்கிறோம். அதிகாலையும் அந்திப்பொழுதும், அதாவது கூட்டம் இல்லாத நேரமும் விலங்குகள் நடமாடும் நேரமும், அந்தச் சாலையிலேயே கழிந்துவிடும்.

கூடாரம் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் உண்மையான மிச்சம். ஓர் இரவுக்கு 35 டாலர் என்று வைத்தால் நான்கு இரவுக்கு 140. அறைக்கு வைத்த 1,320ஓடு ஒப்பிட்டால் 1,180 டாலர் மிச்சம். ஆனால் பூங்காவின் பெரும்பகுதி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் ஜூலையிலும் சில இரவுகளில் குளிர் உறைநிலையைத் தொடும். நல்ல தூக்கப்பை இல்லாமல் பிள்ளைகளோடு கூடாரத்தில் இறங்காதீர்கள்.

கெய்சர் கணக்கு

ஓல்டு ஃபெய்த்ஃபுல் பீறிடும் உயரம் 32 முதல் 56 மீட்டர். ஒரு முறைக்கு வெளியேறும் நீர் 14,000 முதல் 32,000 லிட்டர்: சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்றுக்கு மேல், மூன்றுக்குச் சற்றுக் குறைவு. நீடிக்கும் நேரம் ஒன்றரை முதல் ஐந்து நிமிடம். வாயில் நீரின் வெப்பம் 95.6 டிகிரி செல்சியஸ். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் இருக்கும் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 93 டிகிரியில்தான். அதாவது கொதிநிலையைத் தாண்டிய நீர் அங்கே வெளியே வருகிறது.

காரணம் நிலத்தடியில் இருக்கிறது. மழையும் பனியும் ஆழத்தில் இறங்கிப் பாறைச் சூட்டில் வெந்துபோகின்றன. நாரிஸ் பகுதியில் துளையிட்டுப் பார்த்தபோது சுமார் 330 மீட்டர் ஆழத்திலேயே 237 டிகிரி இருந்தது. மேலே உள்ள நீரின் எடை அழுத்துவதால் அடியில் உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாவதில்லை. குழாயின் கழுத்து குறுகலாக இருப்பதால் குமிழிகள் அங்கே சிக்கி, சிறிது நீரை வெளியே தள்ளுகின்றன. எடை குறைகிறது, அழுத்தம் தளர்கிறது, அடியில் உள்ள நீர் சட்டென்று ஆவியாகி 1,500 மடங்கு விரிகிறது.

இது நேரில் எப்படித் தெரியும்? முதலில் மேட்டின் வாயில் முழங்கால் அளவு நீர் துள்ளி அடங்கும். கூட்டம் கைபேசியைத் தூக்கும், ஒன்றும் நடக்காது. மறுபடி துள்ளும், மறுபடி அடங்கும். சில நேரம் இது 20 நிமிடம்வரை போகும். சிக்கிய குமிழிகள் சிறிது சிறிதாக நீரைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் இது. பிறகு ஒரு துள்ளல் அடங்காமல் நின்று, அதன் மேல் இன்னொன்று ஏறி, தூண் எழும்பிவிடும்.

இரண்டு பீறிடல்களுக்கு நடுவே சராசரி இடைவெளி சுமார் 90 நிமிடம். நாளுக்கு 16 முறை. நேரம் பார்க்காமல் போனால் சராசரி காத்திருப்பு 45 நிமிடம். பார்வையாளர் மையத்தில் அடுத்த நேரத்தை எழுதி வைப்பார்கள்; 10 நிமிடம் முன்பின் இருக்கும். நீங்களே கணிக்கவும் ஒரு வழி உண்டு. பீறிடல் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்தால் அடியில் சூடான நீர் மிச்சம் இருக்கிறது; அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். அதற்கு மேல் நீடித்தால் ஒன்றரை மணி ஆகும். பிள்ளைகள் கையில் கடிகாரத்தைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

1959 ஆகஸ்ட் 17 அன்று பூங்காவை ஒட்டிய ஹெப்கன் ஏரிப் பகுதியில் 7.3 அளவில் நிலநடுக்கம் வந்து 28 பேர் இறந்தார்கள். நிலத்தடிக் குழாய்கள் அசைந்ததில் ஓல்டு ஃபெய்த்ஃபுல்லின் இடைவெளியும் நீண்டுபோனது. பழைய வழிகாட்டி நூல்களில் ஒரு மணி நேரம் என்று இருப்பதை நம்ப வேண்டாம்.

ஓல்டு ஃபெய்த்ஃபுல் இருக்கும் அப்பர் கெய்சர் பேசின் என்ற பகுதியில் சுமார் 2.6 சதுர கி.மீ.க்குள் குறைந்தது 150 ஊற்றுகள். ஓல்டு ஃபெய்த்ஃபுல்லை மட்டும் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்புவது இந்தப் பயணத்தின் மிகப் பெரிய நட்டம். ரிவர்சைடு கெய்சர் சுமார் 6 மணிக்கு ஒரு முறை, ஃபயர்ஹோல் ஆற்றின் மேல் சாய்வாக 23 மீட்டர் உயரத்துக்கு, 20 நிமிடம் பீறிடும். கிராண்ட் கெய்சர், நேரம் கணிக்கக்கூடியவற்றில் உலகிலேயே உயரமானது. 60 மீட்டர் வரை போகும். காலையில் மையத்தில் எழுதியிருக்கும் நேரங்களைக் குறித்துக்கொண்டு நடந்தால், ஒரே நாளில் மூன்று நான்கு கெய்சர்களைப் பார்த்துவிடலாம்.

நாரிஸில் உள்ள ஸ்டீம்போட், இயங்கும் கெய்சர்களில் உலகிலேயே உயரமானது. 90 மீட்டரைத் தாண்டும். 1911 முதல் 1961 வரை ஐம்பது ஆண்டு தூங்கியது. 2019இலும் 2020இலும் தலா 48 முறை பீறிட்டது. 2021இல் 20 முறை. 2022இல் 11 முறை. 11 முறை என்றால் 33 நாளுக்கு ஒன்று. இரண்டு மணி நேரம் அங்கே நின்றால் பார்க்கும் வாய்ப்பு 400இல் 1. அதை நம்பித் திட்டமிடாதீர்கள். நாரிஸின் வெந்நீர்ப் பள்ளங்களுக்காகப் போங்கள். ஸ்டீம்போட் எழுந்தால் அது கொடுப்பினை.

நடைக் கணக்கு

மரப்பலகை நடைபாதைகள் 15 மைல், அதாவது 24 கி.மீ. காட்டுப் பாதைகளோ 900 மைலுக்கு மேல், அதாவது 1,450 கி.மீ.க்கும் அதிகம். பகலில் நடந்து திரும்ப அனுமதிச் சீட்டும் வேண்டாம், கட்டணமும் இல்லை. கூட்டம் முழுக்க அந்த 24 கி.மீ.யில்தான். இந்தக் கணக்கேட்டில் விலை பூஜ்யம் என்று எழுதக்கூடிய ஒரே வரி இதுதான். அதிக மதிப்புள்ள வரியும் இதுதான்.

குடும்பத்தோடு போகத் தக்க நான்கு பாதைகள்:

- ஓல்டு ஃபெய்த்ஃபுல் முதல் மார்னிங் குளோரி குளம் வரை: ஒருவழி 2.3 கி.மீ.; சமதளம்
- கிராண்ட் பிரிஸ்மாட்டிக் காட்சி மேடை: ஒருவழி 1 கி.மீ.; ஏற்றம் 32 மீட்டர்
- லோன் ஸ்டார் கெய்சர்: ஒருவழி 3.9 கி.மீ.; பெரும்பாலும் சமதளம்
- மவுன்ட் வாஷ்பர்ன் உச்சி: போக வர சுமார் 10 கி.மீ.; ஏற்றம் சுமார் 420 மீட்டர்; உச்சியின் உயரம் 3,122 மீட்டர்

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் குளத்தின் குறுக்களவு சுமார் 100 மீட்டர். நிமிடத்துக்கு 2,120 லிட்டர் வெந்நீர் அதிலிருந்து வழிகிறது. பக்கத்தில் உள்ள பலகைப் பாதையில் நின்றால் ஆவிதான் முகத்தில் அடிக்கும். எதிர்க்குன்றின் மேடையிலிருந்துதான் நடுவில் நீலமும், ஓரத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் முழுசாகத் தெரியும். ஓரத்து நிறங்கள் வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிர்கள் தருபவை. இந்தப் பூங்காவின் வெந்நீரில்தான் 1960களில் தாமஸ் பிராக் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அதன் நொதிதான் பிற்பாடு மரபணுவைப் பெருக்கும் பிசிஆர் முறைக்கு அடிப்படையானது. கொரோனா காலத்தில் நம் மூக்கில் எடுத்த மாதிரிகளைச் சோதித்த முறை அது.

லோன் ஸ்டாரை ஏன் சேர்த்தேன் என்பதற்கும் கணக்கு உண்டு. கெப்ளர் அருவியிலிருந்து ஆற்றோரமாக ஒரு மணி நேர நடை. சுமார் மூன்றரை மீட்டர் உயரக் கூம்பிலிருந்து 3 மணிக்கு ஒரு முறை, 14 மீட்டர் உயரத்துக்கு, அரை மணி நேரம் பீறிடும். சராசரிக் காத்திருப்பு ஒன்றரை மணி. திரும்பும் நடையும் சேர்த்து 4 மணி நேரம். நம் விலையில் 170 டாலர். அங்கே வேலியும் இல்லை, பெஞ்சு வரிசையும் இல்லை. வந்தவர்கள் பீறிட்ட நேரத்தை எழுதி வைக்கும் குறிப்பேடு ஒன்று இருக்கும். அதைப் புரட்டினால் அடுத்தது எப்போது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கானோர் நடுவே ஓல்டு ஃபெய்த்ஃபுல்லைப் பார்ப்பதற்கும், பத்துப் பேரோடு காட்டுக்குள் லோன் ஸ்டாரைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த 170 டாலருக்கு முழுத் தகுதியானது.

ஆபத்துக் கணக்கு

பயணிகள் பயப்படுவது கரடிக்கு. 1872 முதல் பூங்காவில் கரடி தாக்கி இறந்தவர்கள் 8 பேர். கொதிநீரில் விழுந்து இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். பயத்தை எங்கே வைக்க வேண்டும் என்று இந்த இரண்டு எண்ணும் சொல்லிவிடும். ஊற்றைச் சுற்றியுள்ள தரை சில இடங்களில் மெல்லிய ஓடு மட்டுமே, அடியில் கொதிநீர். பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட இறங்கக் கூடாது. சிறு பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், காட்டெருமை, எல்க் மானிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். காட்டெருமை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் ஓடும், மனிதனைப்போல் மூன்று மடங்கு. காட்டுப் பாதையில் மூவராவது சேர்ந்து நடக்க வேண்டும், கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும். அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது. அங்கேயே வாங்க வேண்டும். பெரியவர் இருவருக்கு இரண்டு குப்பி, தலா 45 டாலர் என்று 90 டாலரைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். இதில் சிக்கனம் வேண்டாம்.

2024 ஜூலை 23 அன்று பிஸ்கட் பேசினில் நிலத்தடி நீராவி வெடித்துப் பலகைப் பாதையே சிதறியது. யாருக்கும் காயமில்லை, பேசின் அன்றே மூடப்பட்டது. 2022 ஜூன் வெள்ளத்தில் வடக்கு வாசல் சாலை அடித்துச் செல்லப்பட்டு, 10,000க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். இப்படி எதுவும் திடீரென மூடப்படலாம் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளையே பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன் பூங்காவின் சாலை அறிவிப்பைப் பாருங்கள்.

ஐந்து நாள் வழித்தடம்

- நாள் 1: போஸ்மன் விமான நிலையம், வெஸ்ட் யெல்லோஸ்டோன், மேடிசன், ஓல்டு ஃபெய்த்ஃபுல்: 194 கி.மீ.
- நாள் 2: அப்பர் கெய்சர் பேசின், லோன் ஸ்டார், கிராண்ட் பிரிஸ்மாட்டிக்: 25 கி.மீ.
- நாள் 3: வெஸ்ட் தம்ப், ஏரி, கேன்யன்: 87 கி.மீ.
- நாள் 4: டவர், லமார் பள்ளத்தாக்கு, மாமத்: 120 கி.மீ.
- நாள் 5: நாரிஸ் போய்வந்து, வடக்கு வாசல், போஸ்மன்: 213 கி.மீ.

மொத்தம் 639 கி.மீ. திருப்பங்களுக்கும் மறந்துபோன இடங்களுக்கும் 100 சேர்த்து ஏறத்தாழ 740 கி.மீ. மூன்றாம் நாள் கேன்யனில் 94 மீட்டர் உயர லோயர் நீர்வீழ்ச்சி. அதன் உயரம் நயாகராவின் உயரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. லமாரில் காட்டெருமையையும், அதிகாலையானால் ஓநாயையும் தேடலாம்.

மொத்தக் கணக்கு

வாசல் கட்டணம் அரசு அறிவித்தது. மற்றவை கோடைக்காலத்துக்குத் திட்டமிட நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தேதிக்குரிய விலையை அந்தந்த வரியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

- ஆண்டு அட்டை: 250 டாலர்
- வாடகைக் கார், 5 நாள் × 90: 450
- பெட்ரோல், 74 லிட்டர்: 80
- உள்ளே அறை, 4 இரவு × 330: 1,320
- உணவு, 5 நாள் × 145: 725
- கரடி ஸ்பிரே 2: 90
- ஐஸ், டிப்ஸ், சில்லறை: 60
- மொத்தம்: 2,975 டாலர்

நூறு டாலரில் அறைக்கு 44, உணவுக்கு 24, காருக்கும் பெட்ரோலுக்கும் 18, வாசலுக்கு 8, மற்றவற்றுக்கு 5. அமெரிக்காவில் குடியிருப்பவர்கள் 35 டாலர் வாகனக் கட்டணத்தோடு போனால் மொத்தம் 2,760; வாசலின் பங்கு நூற்றுக்கு ஒன்றேகால்தான்.

உணவில் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. போஸ்மனிலேயே ரொட்டி, தயிர், பழம், கொட்டைகள், ஒரு ஐஸ் பெட்டி வாங்கிவிடுங்கள். காலையும் மதியமும் காரிலேயே சாப்பிட்டால் இரவு மட்டும் உணவகம். பணத்தைவிட, உணவக வரிசையில் நிற்கிற நேரம் மிச்சமாகும். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். சாப்பிட்ட மிச்சத்தைக் காருக்கு வெளியே வைக்கவே கூடாது, கரடி வரும்.

எப்போது போவது? பெரும்பாலான உட்சாலைகள் நவம்பர் தொடக்கம் முதல் ஏப்ரல் பாதி தாண்டும்வரை கார்களுக்கு மூடியிருக்கும். ஜூன் கடைசியில் பகல் பதினைந்தரை மணி நேரம். செப்டம்பர் கடைசியில் 12தான். பள்ளி விடுமுறை கட்டிப்போடாதவர்களுக்கு செப்டம்பர் முதல் பாதி நல்லது. ஜூலையில்தான் முடியும் என்பவர்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் கெய்சர்களுக்குப் போங்கள். நடுப்பகலைக் காட்டுப் பாதைக்குக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு செலவு இருக்கிறது. அது நம் கணக்கில் வராது, பூங்காவின் கணக்கில் ஏறும். மார்னிங் குளோரி குளம் ஒரு காலத்தில் ஆழ்நீலமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் நாணயம் போட்டார்கள். 1950இல் குளத்தை வலிந்து பொங்க வைத்தபோது, ஒரு சென்ட் நாணயங்கள் மட்டும் 86 டாலர் 27 சென்ட்டுக்கு வந்தன. கூடவே 76 கைக்குட்டைகள். அடைபட்ட வாயால் சூடு குறைந்து, ஓரத்து மஞ்சள் உள்ளே படர்ந்து, நீலம் சுருங்கிவிட்டது. அந்த நிறத்தை எத்தனை டாலர் கொடுத்தும் திரும்ப வாங்க முடியவில்லை.

எனவே என் முடிவு இது. இரண்டு நாள்தான் விடுப்பு கிடைக்கிறது என்றால் இந்த ஆண்டு யெல்லோஸ்டோன் வேண்டாம். பக்கத்தில் வேறெங்காவது போய் வாருங்கள். ஐந்து நாள் கிடைக்கும் ஆண்டுக்காகக் காத்திருந்து, பன்னிரண்டு மாதம் முன்பே உள்ளே அறை பதிவு செய்து, காரில் கழியும் நேரத்தைக் குறைத்து, நாளுக்கு ஒரு பாதையாவது நடந்து பாருங்கள். குளத்தில் ஒரு காசும் போடாமல் திரும்பி வாருங்கள்.